ராஃப்ட்டின் மேல் நின்ற தண்ணீர்

என் கையெழுத்துக்காக முதலிலேயே பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சிமெண்ட் மூட்டை தூக்கிப் பழகிய விரல்களுக்குள் பேனா நிற்பதில்லை. எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. பெரிய ‘ற’ எங்கே வரும், சின்ன ‘ர’ எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். தப்பாக இருக்கும் இடத்தில் சரியாகப் படித்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்ல என்னால் ஆகாது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஒரே ஒரு தடவை நாலு பேருக்கு நடுவில் வாய் திறந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மதுரையில் கே.கே. நகரைத் தாண்டிப் போகும் ஒரு ரோட்டில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். ஜவுளி வியாபாரி ஒருவர், டாக்டருக்குப் படித்த தன் மருமகனுக்காகக் கட்டிய கட்டடம். எங்களுக்கு அவர்தான் முதலாளி. அஸ்திவாரம் தூண் தூணாக இல்லாமல், கட்டடத்தின் அடி முழுவதும் ஒரே காங்கிரீட் பலகையாகப் போட்டது. அதற்கு ராஃப்ட் என்று பெயர். ஆள் உயரத்துக்குப் பருமன். சமயநல்லூர்ப் பக்கம் இருந்து, காங்கிரீட்டைக் கலந்தே கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து கொட்டிவிட்டுப் போயின.

காங்கிரீட் இறுகும்போது தானாகச் சூடாகும். வீட்டு மாடித் தளம் போல மெல்லியதாக இருந்தால் வந்த சூடு காற்றோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. இம்புட்டுப் பருமனுக்கு நடுவில் பிறக்கிற சூட்டுக்கு வெளியே வர வழியில்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போது மேல்பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் மேல்பக்கம் சுருங்கும், உள்பக்கம் சுருங்காது, நடுவில் காங்கிரீட் கிழியும். அதனால் இரண்டு விதிகள். உள்ளே எழுபது டிகிரியைத் தாண்டக்கூடாது. உள்ளுக்கும் மேலுக்கும் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் என்ஜினியர் ஸ்டோர் ரூம் சுவரில் ஒட்டியிருந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

கம்பி கட்டும்போதே அடியில், நடுவில், மேலே என்று மூன்று மட்டத்தில் ஒயர் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒயரின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கையடக்க மீட்டரை அதில் மாட்டினால் சூடு எண்ணாகத் தெரியும். மணிக்கொரு தரம் மாட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. எண் படிக்கத் தெரியும், ஊர்க்கதை பேசத் தெரியாது என்பதால் என்னை அதற்குப் போட்டார்கள்.

போட்ட காங்கிரீட்டிலேயே கொஞ்சம் எடுத்துச் சின்னச் சின்னச் சதுரக் கல்லாகவும் வார்த்து வைத்தோம். அதற்குக் கியூப் என்று பெயர். பாதியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டோம். மீதியை ராஃப்ட்டின் ஓரத்திலேயே, ராஃப்ட்டுக்கு என்ன போர்வையோ அதே போர்வைக்குள் வைத்தோம். நாள் வந்ததும் மெஷினில் வைத்து நசுக்கி, எம்புட்டுப் பாரம் தாங்கியது என்று பார்ப்பார்கள்.

போர்வை என்றது நிஜமான போர்வையைத்தான். ராஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் தெர்மாகோல், அதன் மேல் தார்ப்பாய். மதுரை வெயிலில் காங்கிரீட்டுக்குப் போர்வை போர்த்துவதை அங்கே வேலை பார்த்த யாரும் அதற்கு முன் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். காங்கிரீட் போட்டால் மறுநாள் காலையில் சிமெண்ட் கலவையால் வரப்பு வைத்துப் பாத்தி கட்ட வேண்டும், அதில் தண்ணீரை நிறுத்த வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர்கள் சாயங்காலம் வந்து அந்தத் தண்ணீரில் தங்கள் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தண்ணீர் இல்லையென்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அந்தத் தண்ணீர் விடுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரு பெண் எங்கள் சைட்டில் இருந்தார். எழுமலைப் பக்கத்துக்காரர். அறுபதை நெருங்கியவர், புருஷன் இல்லை. ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடத்தின் தகரக் கொட்டகைக்குப் போய்விடுவார். ரெண்டு மூட்டும் தேய்ந்து போய், ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்வார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை ஊமையன் என்பார். வாயில் விஷம் உண்டு. புதிதாக வந்த சித்தாள் பெண்களை அழ வைத்துத்தான் விடுவார்.

அந்த அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஆஸ்பத்திரி திறந்ததும் அதன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற வேலை. அதோடு பின்பக்கம் படுத்துக்கொள்ள ஒரு இடம். “இந்தக் கட்டடத்தோட எனக்குப் போதும். இனிமே ஏணி ஏற ஏலாது. இது கெடைக்கலைன்னா தம்பி மக வீட்டுத் தாவாரத்துல நாய் மாதிரி கெடக்க வேண்டியதுதேன்” என்று வேலைக்கு வந்த எல்லாரிடமும் சொல்லியிருந்தார். ஆட்களைக் கூட்டி வந்து வேலை வாங்குகிற சூப்பர்வைசரிடம் மட்டும் கெஞ்சிச் சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருடைய சட்டையைத் துவைப்பது, மத்தியானச் சோற்றுக்கு இலை போடுவது, மோட்டார் சைக்கிளைத் துடைப்பது எல்லாம் அக்காதான். ஏதாவது முணுமுணுத்தால், “மொதலாளிகிட்டச் சொல்லவா வேணாமா?” என்பார். முணுமுணுப்பு நின்றுவிடும்.

போர்வை போர்த்திய அன்றைக்கு அக்கா தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

“அடுப்பு மாதிரி கெடக்கு. இதுக்குப் போயி போர்வை போத்துறாங்ய பாரு.”

என்ஜினியர் சிரித்தார். “பெரியம்மா, வேர்த்து நிக்கிறவன் மேல ஐஸ் தண்ணிய ஊத்துனா என்ன ஆகும்?”

“குளுகுளுன்னு இருக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். என்ஜினியர் பொறுமையாக மறுபடி விளக்கினார். இந்த வாரம் முழுக்கத் தண்ணீர் கிட்டவே வரக்கூடாது, நீங்கள் ஓய்வு எடுங்கள் என்றார். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. தண்ணீர் விட வேண்டாம் என்றால் தான் வேண்டாம் என்றுதான் அவருக்குக் கேட்டிருக்கும். அன்று முழுக்க யாருடனும் சண்டை போடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நடுச்சூடு அறுபத்தேழு. மேலே ஐம்பத்திரண்டு. எல்லாம் அளவுக்குள் இருந்தது. என்ஜினியர் மீட்டரைப் பார்த்து என் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த லோடு விஷயமாகப் பேச ரெடிமிக்ஸ் பிளாண்டுக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசருக்குப் போன் வந்தது. முதலாளி குடும்பத்தோடு வருகிறார்.

சூப்பர்வைசர் ராஃப்ட்டை ஒரு தடவை பார்த்தார். போர்வை போர்த்திய காங்கிரீட்டில் முதலாளி எதைப் பார்ப்பார்? தண்ணீர் எங்கே என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல என்ஜினியர் இல்லை. சுவரில் ஒட்டிய தாள் சூப்பர்வைசருக்குப் புரியாததல்ல. முதலாளியிடம் அதைச் சொல்லி நிற்பதற்குத்தான் அவருக்குத் தெம்பில்லை.

“ஏ கெழவி, இங்கிட்டு வா. முன்பக்கம் நாலு தார்ப்பாயச் சுருட்டு. பாத்தி கட்டித் தண்ணிய விடு. மொதலாளி வாராரு.”

அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். “என்ஜினியர் தம்பி வேணாம்னுச்சே.”

“வேல வேணுமா வேணாமா ஒனக்கு?”

அதற்கு மேல் அக்கா கேட்கவில்லை. மூட்டு வலி எங்கே போனதோ, மடமடவென்று வேலை நடந்தது. கலவை குழைத்து வரப்பு வைத்த அழகை நான் நின்று பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது. போர்வெல் தண்ணீர் ஓஸ் குழாய் வழியாக விழுந்ததும் காங்கிரீட்டில் இருந்து லேசாக ஆவி கிளம்பியது. நான் ஒயரில் மீட்டரை மாட்டினேன். மேல்சூடு கண் முன்னாலேயே இறங்கியது. நாற்பத்தாறு. நாற்பத்திரண்டு. முப்பத்தெட்டு. நடுவில் அதே அறுபத்தேழு.

சூப்பர்வைசரிடம் போய் மீட்டரைக் காட்டினேன். வாய் வரவில்லை, காட்டத்தான் முடிந்தது.

“அதுக்கு நான் என்ன செய்ய? ஒம் மீட்டரக் கொண்டு போயி ஒம் பொண்டாட்டிக்கு மாட்டிப் பாரு” என்றார். பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆட்கள் சிரித்தார்கள்.

முதலாளி வந்தார். மனைவி, மகள், மருமகன் எல்லாரும் வந்தார்கள். நின்ற தண்ணீரைப் பார்த்ததும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. “வேலைன்னா இப்பிடி இருக்கணும்” என்று மருமகனிடம் சொன்னார். யார் தண்ணீர் விட்டது என்று கேட்டார். சூப்பர்வைசர் அக்காவை முன்னால் தள்ளினார். அக்கா ஈரச் சேலையோடு கும்பிட்டார்.

“எந்த ஊரு?”

“எழுமலைப் பக்கம்ங்கய்யா. ஆசுபத்திரி தொறந்ததும் தோட்டத்துக்குத் தண்ணி விட என்னய வச்சுக்கிரணும்.”

“ஒன்னத் தவிர வேற யார வைக்கப் போறேன்?” என்றார் முதலாளி. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அக்கா அன்றைக்கு எனக்குத் தன் காசில் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தந்தார். “இந்தா ஊமையா, தின்னு. ஒரு நாளாவது நல்ல தீனி திங்கட்டும் ஒன் வாயி.”

மத்தியானம் என்ஜினியர் திரும்புவதற்குள் தண்ணீரை வழித்துத் தள்ளி, வரப்பை உடைத்து, தார்ப்பாயை மூடிவிட்டார்கள். நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். தனியாக ஒருவரிடம் என்றால் எனக்குப் பேச வரும். அவர் முகம் வெளுத்தது. தார்ப்பாயைத் தூக்கி ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். “இத நான் பாத்துக்கிறேண்ணே” என்றார். சூப்பர்வைசரிடம் போய்க் கத்தவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனால் சென்ட்ரிங் ஆட்கள், கம்பி ஆட்கள் அத்தனை பேரும் கூடவே போய்விடுவார்கள். அது எல்லாருக்கும் தெரியும்.

சூடு இறங்கி, போர்வையை மொத்தமாக எடுத்த அன்றைக்கு விரிசல் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. பாத்தி கட்டிய இடத்தில் மட்டும், வரப்பு எங்கே இருந்ததோ அதுவரைக்கும், முடி முடியாக ஓடியிருந்தது. யாரும் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டிய தேவையே இல்லாமல் அது அங்கே கிடந்தது.

சென்னையில் இருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார். முதலாளியும் வந்தார். ராஃப்ட்டின் மேலேயே குடை பிடித்து நின்று பேசினார்கள். ஆலோசகர் குனிந்து விரிசலுக்குள் மெல்லிய தகடு ஒன்றை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி கேட்டார்: “இந்த எடத்துல தண்ணி ஊத்துனது யாரு?”

“அந்தக் கெழவிதேன். சொன்னாக் கேக்காது. சூடா இருக்குன்னு அதுவா ஊத்திருச்சு” என்றார் சூப்பர்வைசர்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அப்போதே அழுது காலில் விழுந்திருந்தால் ஏதோ திட்டிவிட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அக்காவுக்கு அது வராது. நிமிர்ந்து நின்று முதலாளியிடமே சொன்னார்.

“இவுக சொல்லித்தேன் ஊத்தினேன். நீங்க வந்தப்பத்தானய்யா. நீங்களே நின்னு பாத்து நல்லாருக்குன்னு சொன்னீகளே.”

மருமகன் டாக்டர் தன் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் காரியத்தைக் கெடுத்தது. முதலாளியின் கழுத்து சிவந்தது.

“நான் சொன்னேனா? எனக்கென்னம்மா தெரியும் காங்கிரீட்டப் பத்தி?”

என்ஜினியர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில்தான் நான் வாய் திறந்தேன்.

“அக்கா சொல்றது நெசந்தாங்க. சூப்பர்வைசர்தான் ஊத்தச் சொன்னாரு. அக்கா வேணாம்னு சொல்லுச்சு. நான் கூடத்தான் நின்னேன்.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, பாதியில் கீச்சிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் மெதுவாக வெற்றிலையைத் துப்பினார்.

“ஊமைக்கு வாயி வந்துருச்சு. சும்மாவா வரும்? அய்யா, ரெண்டு பேரும் ஒரே கிளாசுல டீ குடிக்கிற ஆளுக. பகல்லதேன் அக்கா.”

சென்ட்ரிங் ஆட்கள் வெடித்துச் சிரித்தார்கள். கம்பி கட்டுகிற ஒருவன் விசில் அடித்தான். “அடேய், இந்த வயசுலயுமா” என்றான் இன்னொருவன். ஆலோசகர்கூட, சரியாகக் காதில் விழாதவர் போல, லேசாகப் புன்னகை செய்தார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், எதுவும் வரவில்லை. நான் பேசாமல் நின்றதும் அவர்களுக்கு ஒப்புக்கொண்ட மாதிரியே ஆகிவிட்டது.

முதலாளிக்கு அந்தச் சிரிப்பு பெரிய உதவி. தன்னைப் பற்றிய பேச்சு போய்விட்டது.

“இந்த மாதிரி பொம்பள ஆசுபத்திரிக்கு ஆகாது. நாலு குடும்பம் வந்து போற எடம். இன்னைக்கே அனுப்பிருங்க.”

அக்கா முதலாளியைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“ஒன்னய யாருடா கேட்டா?”

அம்புட்டுத்தான். கொட்டகைக்குப் போய்ச் சாக்கில் சாமான்களை அள்ளினார். பள்ளத்தில் இருந்து ரோட்டுக்கு ஏறும் மண் சரிவில், சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று ஏறினார். அவர் பாதி ஏறியிருந்தபோது ஆலோசகர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “மேலாப்புலதான் இருக்கு. ஆழமா போகல. பசை ஏத்தி மூடிட்டாப் போதும். பயப்பட ஒண்ணுமில்ல.” முதலாளி பெருமூச்சு விட்டார். எல்லாருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார். எனக்கும் ஒன்று வந்தது.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. அதே பேச்சு என் மேலும் விழுந்ததுதானே? அது ஆம்பளைக்கு வேடிக்கையாக முடிந்தது. கொஞ்ச காலம் என்னைக் கண்டால் விசில் அடித்தார்கள், “மாப்ள, பகல்ல அக்காவா” என்றார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். விரிசலுக்குப் பசை ஏற்றினார்கள். கியூப்களை ஆட்டோவில் எடுத்துப் போய் லேபில் நசுக்கியபோது நான் கூட இருந்தேன். தொட்டியில் கிடந்ததும் தாங்கியது, போர்வைக்குள் கிடந்ததும் தாங்கியது. கேட்டதற்கு மேலேயே பலம் இருந்தது. திரும்பி வரும் வழியில் கே.கே. நகர் வளைவு வந்ததும் என்ஜினியர், “அண்ணே, நான் உண்மையச் சொல்லிருந்தா மட்டும் பெரியம்மாவ விட்டுருப்பாகளா?” என்று கேட்டார்.

கட்டடம் எழுந்தது. திறப்பு விழாவுக்குச் சாப்பாடு போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எழுமலைக்குப் பஸ் ஏறினேன். என்ன சொல்வதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உசிலம்பட்டி தாண்டுவதற்குள் இரண்டு தடவை இறங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

விசாரித்துப் போனால், தம்பி மகள் வீட்டுத் தாவாரத்தில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து அக்கா கட்டையால் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். யாரோ வியாபாரியின் புளி. கால்களை நீட்டி வைத்திருந்தார். மூட்டு இரண்டும் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கட்டை நின்றது. உடனே மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

“யாரு அத்த?” என்றாள் தம்பி மகள், என்னை மேலும் கீழும் பார்த்து.

“வேல பாத்த எடத்துல ஒரு ஆளு.”

“அந்த ஆளா?”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு முன்னாலேயே பஸ் ஏறி வந்து சேர்ந்திருந்தது. எங்கள் சைட்டில் அந்தப் பக்கத்துக் கம்பி ஆட்கள் உண்டு. நான் அதை யோசித்திருக்கவில்லை.

அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் வெயிலில் நின்றேன். கொண்டு போயிருந்த பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“ஆசுபத்திரி தொறந்துட்டாகளா?”

“தொறந்துட்டாக அக்கா.”

“தோட்டம் போட்ருக்காகளா?”

“முன்பக்கம் போட்ருக்காக.”

“யாரு தண்ணி விடுறா?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குச் சட்டென்று பொய் வராது. “சூப்பர்வைசரோட கொழுந்தியா” என்றேன்.

அக்கா கட்டையை ஓங்கி ஒரு புளியை அடித்தார். கொட்டை தெறித்துத் தெருவில் விழுந்தது. பிறகு சிரித்தார். சத்தமாக, மற்றப் பெண்களும் நிமிர்ந்து பார்க்கும்படி சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தில் ஒன்றுமே இல்லை.

“விரிசல் என்னாச்சு?”

“அது ஒண்ணும் பெருசு இல்லையாம். பசை போட்டு மூடிட்டாக. கட்டடம் நல்லாத்தேன் இருக்கு.”

இதையும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அக்கா ரொம்ப நேரம் புளியைத் தட்டினார். நாரை உருவிப் போட்டார், கொட்டையை ஒதுக்கினார், அடுத்ததை எடுத்தார்.

“இன்னொரு வாட்டி இங்கிட்டு வந்துறாத. நீ வந்து நின்னாலே அவுக சொன்னது நெசமாப் போயிரும். இந்தத் தாவாரமாச்சும் எனக்கு இருக்கட்டும்.”

“வாரேன் அக்கா.”

“வாரேன்னு சொல்லாத. போறேன்னு சொல்லு.”

போறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பழப்பையைக் கீழே வைக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு பழம் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார்.

சமயநல்லூர், வைகாசி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.